மேல்துறை

ஆடி 20, செவ்வாய்

பெருக்கு முடிந்து இரண்டாம் நாளே ஊர் காலி. பெருக்கன்று வந்தவர்களும் தாலிக்கயிறு மாற்றி, தலையை நனைத்து, கட்டிவந்த புளிசாதத்தைத் தின்றுவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். அணையில் தண்ணீர் திறந்ததால் பரிசலுக்குத் தடை. அருவியில் குளிக்கத் தடை. தொங்குபாலத்துக்குப் பூட்டு. கீழ்த்துறைப் படியில் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முங்கலாம். இவ்வளவு தடையும் போட்டுவிட்டு, ஊர் முகப்பில் 'கல்லருவி தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று வளைவு வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கிய லாட்ஜில் இப்போது குரங்குகள் தங்குகின்றன.

என் கடை என்றால் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் இரண்டு அடுப்பும். வருகிறவர்கள் மீன் வாங்கிவந்து கொடுத்தால் கழுவிக் குழம்பு வைத்துத் தருவேன், வறுத்துத் தருவேன். இன்று மதியம் ஒரே ஒரு பையன் வந்தான். தனியாக. வெள்ளை ஷூ, முதுகில் பை, குச்சியில் மாட்டிய போன். வறுத்த மீனைத் தின்றபடியே போனோடு பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, கேமராவைப் பாத்து ஒரு வணக்கம் சொல்லுங்க" என்றான். முகத்தில் மாவும் கையில் செதிலுமாக நான் வணக்கம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பரிசல் போகாதா என்று எல்லோரையும் போல அவனும் கேட்டான். தடை, பலகையில் எழுதியிருக்கிறதே என்றேன்.

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் பொழுது சாயும்போது வந்தார். உடம்பெல்லாம் ஈரம். குளித்தேன் என்றார். கழுத்திலும் தோளிலும் கீறல். மூங்கில் இழுத்துவிட்டதாம். மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். மேலே கை பட்டதும் விலகிக்கொண்டார். முப்பது வருஷமாகப் பரிசல் போடுகிறவரை மூங்கில் கிழித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மகள் வெண்ணிலா போன் செய்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாயா என்று கேட்டாள். நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

ஆடி 21, புதன்

கீழ்த்துறையில் ஒரு ஜோடி ஷூவும் பையும் கிடக்கின்றன என்று கூட்டம். நானும் போய்ப் பார்த்தேன். வெள்ளை ஷூ. பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூழாங்கல்.

மேல்துறையில் பரிசல் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். பரிசலைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்பது எங்கள் ஜனங்களின் கட்டு. கழற்றியதைக் குரங்கு தூக்காமலிருக்கப் பரிசல்காரர்கள் உள்ளே கல்லைப் போட்டு வைப்பார்கள். கை தானாகவே அதைச் செய்யும். கீழ்த்துறையில் குளிக்கிறவன் யாரும் ஷூவுக்குள் கல் போடுவதில்லை.

இதை யாரும் பேசவில்லை. பரிசல்காரர்கள் பத்துப் பேர் அங்கே நின்றார்கள். எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள், அப்புறம் தண்ணீரைப் பார்த்தார்கள். போலீஸ்காரர் வந்து ஷூவைத் தூக்கிக் கல்லைத் தட்டிவிட்டார்.

பையில் அடையாள அட்டை இருந்தது. நவநீதன், கோபிப் பக்கம். இருபத்திரண்டு வயது.

"முனிரத்தினத்தக் கூப்புடுய்யா" என்றார் எஸ்.ஐ. இந்த ஊரில் ஆற்றில் போனவர்களை எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்த்துறையில் இறங்கினார். சாயங்காலம் வரை முங்கி முங்கி எழுந்தார். நான் கரையில் நின்றேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

ஜாக்கெட் துணி இன்னும் பையிலேயே இருக்கிறது.

ஆடி 22, வியாழன்

பையனின் அப்பா வந்துவிட்டார். சென்னியப்பன் என்று பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம். காக்கிச் சட்டையோடே வந்திருந்தார், மாற்ற நேரமில்லை போல. கீழ்த்துறைப் படியில் உட்கார்ந்தவர் உச்சிவெயிலில்கூட எழுந்திருக்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"வந்து நெழல்ல ஒக்காருங்கண்ணா. இங்கேர்ந்தே ஆறு தெரியும்."

வந்தார். சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன். கையை வைத்தார், எடுத்துவிட்டார். அப்போது அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்து, "ஆமா சாமி… டாக்டர் பாத்துட்டாரு… கால்லதான் அடி… பேசற மாதிரி இல்ல, மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்காங்க" என்றார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அவங்கம்மாளுக்கு நெஞ்சுல வியாதிங்க அம்மிணி. ஆஸ்பத்திரியில இருக்கறான்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். பையனக் கொண்டுட்டுப் போயித்தான் நெசத்தச் சொல்லோணும். வெறுங்கையோட போயி எப்படிங்க சொல்றது?"

நான் ரசச் சட்டியை இறக்கி வைத்தேன், மறுபடி ஏற்றி வைத்தேன்.

லாட்ஜ் வேண்டாம் என்றுவிட்டார். பையை என் கடையில் வைத்திருக்கிறார். கடை பெஞ்சிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன்.

ஆடி 23, வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒரு சொம்பு வாங்கிவந்து சென்னியப்பனுக்குக் கொடுத்தேன். அதை மட்டும் குடித்தார். வருஷா வருஷம் உள்ளே போய்க் கூழ் வாங்கிக் குடித்த எனக்கு இன்று கோயிலுக்குள் போகக் கால் வரவில்லை. வெளியிலேயே நின்று வாங்கிவந்தேன்.

கெம்பக்காவுக்குப் பக்கத்து அடுப்பு. வாய் சும்மா இருக்காது. பரிசல்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எல்லார் காதிலும் விழும்படியே சொன்னாள்:

"கீழ்த்தொறையில போனது ஆலமரத்து மடுவுல மெதக்கும். என் கல்யாணத்துக்கு முந்தியிருந்து பாக்கறேன், ஒண்ணாச்சும் தப்புனதில்ல. இன்னிக்கு இன்னாத்துக்கு மெதக்கல?"

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. பரிசல் சங்கத் தலைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உன் அடுப்பப் பாரு கெம்பா" என்றார். "இந்த சீசனே போயிட்டுது. ஒரேடியா பூட்டு போடணும்னு பாக்கறியா?"

கெம்பக்கா என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, வெங்காயம்.

ஆடி 24, சனி

முனிரத்தினம் சாப்பிடவில்லை. நானும். ஒரே பானைச் சோறு இரண்டு வேளையாக இருக்கிறது.

ஆடி 25, ஞாயிறு

சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. கெளுத்தி வாங்கிவந்து கொடுத்தார்கள். ஆற்று மீன்தானே என்று அந்த அம்மாள் கேட்டாள். டேம் மீன் என்றேன். ஆற்றில் ஒரு உடம்பு கிடக்கும்வரை எங்கள் ஜனங்கள் ஆற்று மீனை வாயில் வைக்க மாட்டோம். வருகிறவர்களுக்கு மட்டும் டேம் மீன் என்று சொல்லிச் சமைத்துப் போடுவோம். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று விரலைச் சப்பினார்கள்.

இதைச் சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, நானும் வந்ததுலருந்து பாக்கறேன். இந்த ஊர்ல ஒருத்தரும் மீன் திங்கறதில்லீங்களே?"

கெம்பக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். வந்ததிலிருந்து இன்றுதான் அழுதார். "முன்ன பின்ன தெரியாத எம்பையனுக்காவ ஊரே வாயக் கட்டிட்டு இருக்கறீங்களே" என்றார். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பரிசல்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

முனிரத்தினம் அப்போதுதான் ஆற்றிலிருந்து ஏறி வந்தார். சென்னியப்பன் ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமி, நீங்க ஒருத்தருதான் எம்பையனுக்காவ இப்படி முங்கிட்டுக் கெடக்கறீங்க. ஒடம்பெல்லாம் காயமாயிப் போச்சுங்களே உங்குளுக்கு."

கழுத்துக் கீறலைத் தொட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். "பாறைங்க" என்றார்.

பாறையாம். என்னிடம் மூங்கில், அவரிடம் பாறை.

பொழுது போகும்போது சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "பையன் ஷூவ ஒருநாளாச்சும் ஒழுங்கா வெச்சதில்லீங்க. ஒண்ணு கெழக்க, ஒண்ணு மேக்கத்தான் கெடக்கும். அவங்கம்மா திட்டிட்டே இருப்பா. இங்க மட்டும் எப்படி ஜோடியா வெச்சான்?"

நான் பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

ஆடி 26, திங்கள்

இன்று கேட்டுவிட்டேன்.

காலையில் அவர் ஆற்றுக்குப் புறப்பட்டபோது கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் மறித்ததில்லை.

"மாமா, பையன் எங்க இருக்கறான்?"

"எந்தப் பையன்?"

"கல்லு போட்டு வெச்சீங்களே, அந்தப் பையன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நகரவில்லை. அப்புறம் சொன்னார். மேல்துறையில் ஏற்றி, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி, ஐவர்பாறை இடுக்குவரை கூட்டிப் போயிருக்கிறார். அங்கிருந்துதான் அருவி முழுசாகத் தெரியும். பையன் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். பரிசலில் எழுந்து நிற்கக்கூடாது என்று சொல்லச் சொல்ல நின்றான். பரிசல் சாய்ந்துவிட்டது.

"நீந்தத் தெரியல பவுனு. எங்கழுத்தக் கட்டிக்கினான். ரெண்டு பேரும் உள்ள போறோம். எனக்கு மூச்சு முட்டுது. எத்தினியோ பேர எடுத்தவன் நானு… எப்படிப் பிடிக்கணும், எப்படி விடுவிச்சுக்கணும் எல்லாம் தெரியும். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. காலத் தூக்கி அவன் வயித்துல ஒரு ஒதை வுட்டேன். கை வுட்டுட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நான் மேல வந்துட்டேன்."

அழுதார். எனக்கு அவர் தலையைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இடுக்குக்குள்ள செருகிக் கெடக்கறான். தானா வராது. யாராச்சும் எறங்கித்தான் எடுக்கணும்."

"எடுத்துக் குடுங்க."

"எடுத்தா, அங்க எப்படிப் போனான்னு கேப்பாங்க. தடை போட்ட அன்னிக்குப் பரிசல எறக்குனவன் யாருன்னு கேப்பாங்க. நான் உள்ள போயிடுவேன். வெண்ணிலா கல்யாணம் நின்னுடும். மொத்தப் பரிசலும் நின்னுடும். சொல்லு, எடுக்கட்டா?"

நான் கதவை விட்டு விலகிக்கொண்டேன். அவர் கீழ்த்துறைக்குப் போய் முங்கினார்.

ஆடி 27, செவ்வாய்

எஸ்.ஐ. சொல்லிவிட்டார், நாளையோடு தேடுவதை நிறுத்துகிறார்களாம். மேலே மழை பலமாம். நாளை ராத்திரி அணையில் இன்னும் அதிகமாகத் திறக்கப் போகிறார்கள். இன்றும் நாளைப் பகலும்தான் தண்ணீர் குறைவு. திறந்துவிட்டால் ஐவர்பாறையே தெரியாது. இடுக்கில் இருப்பது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்டதும் முனிரத்தினம் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

சென்னியப்பன் எஸ்.ஐ.யின் பின்னாலேயே போய்க் கெஞ்சினார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்து, "இன்னைக்குக் கண்ணத் தொறந்தான் சாமி. உன்னத்தான் கேட்டான்" என்றார்.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

ஆடி 28, புதன்

காலையில் இட்லி ஊற்றிச் சென்னியப்பன் முன்னால் வைத்தேன். அவர் சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் சாப்பிட மாட்டார். ஒன்றரை இட்லி தின்று கை கழுவினார்.

"அண்ணா, பையன் கீழ்த்தொறையில இல்லீங்க."

அவர் ஈரக் கையோடு நின்றார்.

"மேல்தொறைக்கு மேல ஐவர்பாறைன்னு இருக்குது. அங்க இடுக்குல இருக்கறான். பரிசல்ல போனான். பரிசல் போட்டது எங்கூட்டுக்காரரு."

அவர் என்னை அடித்திருந்தால் தேவலாம். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்.ஐ. இருக்கும் இடத்துக்கு நடந்தார். ஓடவில்லை, நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

முனிரத்தினம் படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எஸ்.ஐ. கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். தடை என்று தெரியுமா? தெரியும். ஷூவையும் பையையும் கொண்டுவந்து வைத்தது நீயா? நான்தான். உன்னிடம் யார் ஆளைக் கூட்டிவந்தது?

"யாரும் கூட்டியாரல சார். அவனா வந்து கேட்டான்."

என்னைப் பார்க்காமலே சொன்னார்.

தீயணைப்புக்காரர்கள் கயிறோடு வந்தார்கள். ஐவர்பாறை இடுக்கைப் பார்த்ததும் இறங்கத் தயங்கினார்கள். "நானே எறங்கறேன்" என்றார் இவர். இடுப்பில் கயிறு கட்டி விட்டார்கள். முதல் தடவை வெறுங்கையோடு வந்தார். இரண்டாம் தடவை வெகுநேரம் வரவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வராமல் போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

வந்தார். பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்தோடு கழுத்தாக. பாறைமேல் கிடத்தி, தன் வேட்டியை அவிழ்த்து மூடிவிட்டு, கோவணத்தோடு தள்ளிப்போய் நின்றார். போலீஸ்காரர் ஒரு துண்டைக் கொடுத்து அழைத்துப் போனார்.

சென்னியப்பன் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலைமுடியிலிருந்த பாசியை ஒவ்வொன்றாக எடுத்தார். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

கரையில் பரிசல் ஜனம் முழுவதும் நின்றது. நான் நடந்து வந்தபோது வழி விட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழி இல்லை. சங்கத் தலைவர் மட்டும், "குடும்பத்தோட ஊரையே முழுங்கிட்டியே பவுனு" என்றார். கெம்பக்கா தன் அடுப்பை என் அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்திருந்தாள்.

வெண்ணிலாவிடம் நானே போனில் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அப்பா சாப்ட்டாராம்மா?" என்றுதான்.

ஆடி 29, வியாழன்

ராத்திரியே தண்ணீர் வந்துவிட்டது. ஐவர்பாறை தெரியவில்லை.

மத்தியானம் சென்னியப்பன் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸில் பையனைக் கொண்டு போகிறார்கள். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டுத் தன் பையை எடுக்க வந்திருந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்லாட்டி எம்பையன் எனக்குக் கெடச்சிருக்க மாட்டானுங்க. ஊரையும் கட்டுன புருசனையும் பகைச்சுட்டுச் சொன்னீங்க. அவங்கம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லுவேனுங்க" என்றார். கையெடுத்துக் கும்பிடப் போனார்.

அந்தக் கும்பிடை நான் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் அவர் போயிருப்பார். போலீஸ் கேட்கவில்லை, முனிரத்தினம் சொல்லவில்லை, இனி யாரும் கேட்கப் போவதும் இல்லை.

"கும்பிடாதீங்கண்ணா" என்றேன். "பையன் பரிசலக் கேட்டது எங்கிட்டத்தான். இங்கதான், இதே பெஞ்சுல ஒக்காந்துக்கினு கேட்டான். தடைன்னு சொன்னேன். அவன் முகம் வாடிப் போச்சு. எங்கூட்டுக்காரரு மரத்தடியில சும்மா படுத்திருந்தாரு. 'அதோ இருக்கறாரு பாரு கண்ணு, அவருகிட்ட அக்கா சொன்னேன்னு சொல்லு, கூட்டினு போவாரு'ன்னு நான்தான் காட்டுனேன். அவரு மாட்டேன்னாரு. நான்தான் போங்கன்னேன்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப… நான் வந்த அன்னைக்கே உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்ண்ணா."

"எனக்குச் சோறு போட்டப்பவும்?"

"போட்டப்பவும்."

அவர் வெயிலில் நடந்து வந்திருந்தார், உதடு காய்ந்திருந்தது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு நீட்டினேன். இத்தனை நாளும் அப்படித்தான் வாங்கிக் குடித்தார்.

சொம்பைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு போனார். ரோட்டோரம் பஞ்சாயத்துக் குழாயைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து, குனிந்து வயிறு முட்டக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி போகும்வரை நான் சொம்பைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.